பக்கத்து சீட்டின் பிரேக்

பெட்டியிலிருந்து வெளியே வந்த நான்கு கேமராக்களில் மூன்று சில்லென்று இருந்தன, நான்காவது மட்டும் கதகதப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரமும் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் கைமாற்றிக் கொடுத்ததைப் போன்ற சூடு அது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. பெட்டியின் ஒட்டு நாடாவைச் சற்றுமுன் கார் சாவியால் கிழித்தது அவளேதான். அதற்கு முன் யாரும் திறந்த அடையாளம் இல்லை. கூரியர்க்காரன் வண்டியில் வெயிலில் போட்டு வைத்திருப்பான் என்று முடிவுகட்டினாள். அப்படியானால் மற்ற மூன்றும் என்ன ஐஸ் பெட்டியிலா வந்தன என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

அடுக்குமாடிக் கட்டிடத்தின் அடித்தளத்தில், தூண்களுக்கு நடுவே, தன் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மேலே நல்ல பகல் வெளிச்சம். கீழே எப்போதும் ஒரே நேரம்தான்; குழல்விளக்கின் ரீங்காரம், எங்கோ ஒரு குழாய் மூட்டிலிருந்து விட்டுவிட்டுச் சொட்டும் தண்ணீர், சிமெண்டும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. காரின் கூரையில் ஓட்டுநர் பள்ளியின் மஞ்சள் பலகை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். பழகுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை ‘பிரேக் அக்கா’ என்பார்கள். அவளுக்கு அது தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு.

குறை சொல்வதற்கென்றே பொருட்களைக் கையில் எடுக்கும் சுபாவம் அவளுக்கு. ஆனால் இந்தக் கேமராவைப் பார்த்தபோது வாய் அடைத்துப் போனது. திரை உள்ள தலைமைப் பெட்டி உள்ளங்கை அகலம்தான், தூக்கினால் நல்ல கனம். மலிவுச் சரக்கின் காலி டப்பா உணர்ச்சி இல்லை. கண்ணாடியில் பிரதிபலிக்காத மங்கலான கறுப்பு. பொத்தான்கள் கெட்டியாக, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எது எதுவென்று தெரியும்படி. சாலையைப் பார்க்க ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, காருக்குள்ளே பார்க்க ஒன்று. ஒவ்வொரு லென்சும் ‘டிக்’கென்று திரும்பி, விட்ட இடத்தில் நின்றது. ஒயர்கள் தனித்தனியாகச் சுருட்டிக் கட்டப்பட்டு, கூரைத் துணிக்குள் செருக ஒரு பிளாஸ்டிக் தகடுகூட வைத்திருந்தார்கள். செய்தவன் என்றாவது கார் ஓட்டியிருக்கிறான் என்று மெச்சிக்கொண்டாள்.

நான்காவதுதான் அவள் இதை வாங்கியதற்கே காரணம். கட்டைவிரல் அளவு. நீள ஒயர், அடியில் காந்தம், லென்சைச் சுற்றி இருட்டிலும் பார்க்கும் பொடி விளக்குகள். வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அவளுக்கு வேண்டிய இடம் பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் இருந்தது. ஓட்டுநர் பள்ளிக் கார் என்றால் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவர் மிதிப்பதற்கு. இரண்டு பிரேக்கும் ஒரே கம்பியில் இணைந்தவை. ஒன்றை அமுக்கினால் மற்றதும் கூடவே இறங்கும். போன மாதம், வெறிச்சோடிய நேர்ச் சாலையில், முன்னால் ஒரு நாய்கூட இல்லாத நேரத்தில், அந்த பிரேக் அடியோடு இறங்கியது. பின்னால் வந்த வேன் மோதி டிக்கி அப்பளமாக நொறுங்கியது. ஓட்டிக்கொண்டிருந்தது பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு நர்ஸ். ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிட, அவள் இவளை அக்கா என்று கூப்பிடுவாள்.

"அக்கா, நீங்கதானே பிரேக் போட்டீங்க?" என்று அன்று அவள் நடுங்கிக்கொண்டே கேட்டாள்.

இவள் போடவில்லை. இரண்டு காலும் சீட்டுக்கு அடியில் மடங்கி இருந்தன. அது அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு வேறு இருவரும் அதே புகாரோடு வந்தார்கள். பள்ளியை நடத்தும் அவளுடைய அண்ணன் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, அவர்கள் போன பிறகு மெதுவாகச் சொன்னான்.

"உனக்குப் பயம் வந்துடுச்சும்மா. பயம் வந்துட்டா கால் நம்ம பேச்சைக் கேக்காது. இனிமே நீ ஆபீஸ்ல உக்காரு. போன் வந்தா எடு. அது போதும்."

அவன் அதைப் பாசமாகச் சொன்னதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"கேமரா வெக்கிறேன். பிரேக் எறங்கும்போது அங்க என் கால் இருக்கான்னு நீயே பாரு. இருந்துச்சுன்னா சாவிய நானே உன் கையில குடுத்துடறேன். அதுவரைக்கும் அந்த சீட்டு என்னோடது" என்றாள்.

இப்போது எல்லாவற்றையும் பொருத்தி முடித்து ஒயரைச் செருகினாள். திரை விழித்து நான்கு கட்டங்களாகப் பிரிந்தது. தூண். பின்சுவர். தன் முகம், பக்கத்தில் காலி சீட். நான்காவது கட்டத்தில், சாம்பல் நிறத்தில், ரப்பர் விரிப்பும் இரண்டு பெடல்களும். படம் அவ்வளவு துல்லியம்; பெடல் ரப்பரில் அவள் செருப்பு தேய்த்த வழவழப்புகூடத் தெரிந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். ரப்பர் விரிப்பு அமுங்கியது.

முதலில் ஒரு இடத்தில், பிறகு அதன் பக்கத்தில். யாரோ நீண்ட நேரம் நின்றுவிட்டு ஒருவழியாக உட்கார்ந்து, கால்களைச் சாவகாசமாகக் கீழே வைக்கிறாற்போல. இரண்டு குதிகால் அளவு பள்ளம். காருக்குள், ஈரத் துணியை வாளியில் போட்டு மூடி மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை மெல்லக் கிளம்பியது.

அவள் எட்டிக் குனிந்து பக்கத்து சீட்டின் கால்மாட்டில் கையை விட்டாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. விரிப்பு உலர்ந்திருந்தது, சமமாக இருந்தது. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். திரையில் அவள் கை துழாவிக்கொண்டிருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் அந்தப் பள்ளங்கள் அப்படியே இருந்தன. பிறகு ஒரு பள்ளம் ஒதுங்கி, அவள் கைக்கு இடம்விட்டது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பயத்தின் மேலேயே ஒரு கோபமும் ஏறியது. இத்தனை நாள் தன்னைக் கோழை என்று பேச வைத்தது இதுதானா?

"யாரு?" என்றாள் உரக்க. குழல்விளக்கு மட்டும் ரீங்கரித்தது. நான்காவது கட்டத்தில் பிரேக் பெடல் மெதுவாக அடிவரை இறங்கி, அங்கேயே நின்றது. அவளுடைய காலடியில் இருந்த பெடலும் கூடவே இறங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார்கள். அவள் காரை ஸ்டார்ட் செய்தாள். இறங்கி நின்ற பெடல் தானாக மேலே ஏறிக்கொண்டது.

கேமராக்களைப் பொருத்தி முடிப்பதற்குள் வெளியே பொழுது சாய்ந்து மழை பிடித்திருந்தது. வைப்பர் போய்வரும் சத்தம், சக்கரத்துக்கடியில் தண்ணீர் கிழிபடும் சத்தம், இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சத்தம் இருந்ததை முதல் திருப்பத்திலேயே கவனித்தாள். பக்கத்து சீட்டின் ஸ்பிரிங் முனகியது. கார் வலப்புறம் திரும்பினால் இடப்புறமும், இடப்புறம் திரும்பினால் வலப்புறமும் அது முனகியது, ஆள் உட்கார்ந்திருந்தால் உடம்பு சாய்கிற விதத்தில். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூன்றாவது கட்டம் சீட்டைக் காலியாகக் காட்டியது. நான்காவது கட்டத்தில் ஏதோ வெளிற ஆரம்பித்திருந்தது.

புகைபோல ஒரு வெண்மை. அது திரண்டு கணுக்காலானது. கணுக்காலுக்குக் கீழே வெறும் பாதங்கள் வந்தன. தண்ணீரில் வெகுநேரம் ஊறியதைப் போல் உப்பி, சுருங்கி, நகங்களின் ஓரம் கறுத்திருந்த பாதங்கள். விரல்கள் பிரேக் பெடலின் விளிம்பை வளைத்துப் பிடித்திருந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தாள். பாதங்கள்.

பெடல் இறங்கியது. கார் ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு லாரி காதைக் கிழிக்கும் ஹாரனோடு மயிரிழையில் விலகிப் போனது. அதன் விளக்கு வெளிச்சம் காலி சீட்டின் மேல் ஊர்ந்துவிட்டுப் போனது.

"எடு காலை!" என்று கத்தினாள். "இது என் சீட்டு! நான் உக்காந்து தேய்ச்ச சீட்டு! எவளோ எவனோ, எடு காலை!"

பாதங்கள் அசையவில்லை. ஒரு பெருவிரல் மட்டும் பெடல் ரப்பரின் மேல் முன்னும் பின்னும் தேய்ந்தது, யோசிக்கிறாற்போல.

சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, பதிவான வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். அதில் பாதங்கள் இல்லை. பெடல் தானாக இறங்கியது, தானாக ஏறியது. அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அண்ணனின் அழைப்பு வந்தது.

"என்னம்மா, மாட்டிட்டியா? என்ன தெரியுது?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். கால் தெரிகிறது என்றால் அவளை டாக்டரிடம் கூட்டிப் போவான். பெடல் தானாக இறங்குகிறது என்றால் நாளைக்கே காரைப் பழைய இரும்புக்காரனுக்குத் தள்ளிவிட்டு, இவளை போன் மேசையில் உட்கார வைப்பான். உண்மை எந்தப் பக்கம் போனாலும் சீட் அவளுடையதாக இருக்காது.

"ஒண்ணும் தெரியல. எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

"நெஜமாவா?"

"நெஜமாதான்."

"அப்பாடா. சரி, நாளைக்குக் காலையில அந்த நர்ஸுக்கே கிளாஸ் எடு. அந்தப் பொண்ணு வாயாலேயே சரின்னு சொல்லட்டும். அப்புறம் நான் ஏன் உன்ன எறங்கச் சொல்லப் போறேன்?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்கு அப்போதே தெரியும். சரி என்றாள்.

இரவு தூக்கம் வரவில்லை, யோசனைதான் வந்தது. பல வருடம் அந்த சீட்டில் உட்கார்ந்தவளுக்கு வரக்கூடிய யோசனை அது. வகுப்பில் பிரேக் தானாக இறங்கியபோதெல்லாம் அவள் காலை மடக்கி வைத்திருந்தாள், பெடல் காலியாக இருந்தது. காலி இடத்தில்தானே அது காலை வைத்தது? கிளம்பியதிலிருந்து முடியும்வரை பெடலிலிருந்து காலை எடுக்காமல் இருந்தால், வந்தது எங்கே வைக்கும்? கணக்கு எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. விடிவதற்கு முன் எழுந்து, செருப்பை விட்டுவிட்டு, கேன்வாஸ் ஷூவை எடுத்து நாடாவை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டாள்.

நர்ஸ் இரவு வேலை முடித்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, இன்னிக்கு பிரேக் போட மாட்டீங்கல்ல?"

"காலை அதுமேலயேதான் வெச்சிருப்பேன். ஆனா தேவைப்பட்டாதான் போடுவேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு சிஸ்டர்."

வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நர்ஸ் நன்றாகவே ஓட்டினாள். பக்கத்து சீட்டில் இவள், வலது கால் பிரேக்கின் மேலும் இடது கால் கிளட்சின் மேலும் படிய, முட்டி விறைக்க உட்கார்ந்திருந்தாள். நான்காவது கட்டத்தில் அவளுடைய இரண்டு ஷூக்கள் மட்டும். விரிப்பில் பள்ளம் இல்லை. வாடை இல்லை. கடைத்தெரு, பள்ளிக்கூடம், பாலம் எல்லாம் கடந்தார்கள். ஜன்னல் வழியே சுத்தமான காற்று வந்தது. துரத்திவிட்டேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பு நெஞ்சில் நிறைந்தபோது அழுகைகூட வரப் பார்த்தது.

மேட்டுச் சாலையின் உச்சிக்கு வந்தார்கள். அங்கிருந்து ஒரே சரிவு, கீழே நாற்சந்தி. காலை நேரத்துப் பேருந்துகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. சிவப்பு விளக்கு.

"மெதுவா பிரேக் போடு."

"போடறேன் அக்கா."

கார் வேகமெடுத்தது.

"போடுன்னு சொன்னேன்."

"போட்டுட்டுதான் இருக்கேன்! அக்கா, எறங்க மாட்டேங்குது! கல்லாட்டம் இருக்கு!"

அவள் மிதித்தாள். இறங்கவில்லை. அடியிலிருந்து ஏதோ முட்டுக்கொடுத்தது. திரையைப் பார்த்தாள்.

அவளுடைய ஷூ. ஷூவுக்குக் கீழே பெடல். பெடலுக்குக் கீழே, இருட்டிலிருந்து நீண்டு, இரண்டு கைகள். உப்பி வெளுத்த விரல்கள் பெடலை அடியிலிருந்து தாங்கி, மேலே தள்ளிக்கொண்டிருந்தன.

காலை வைக்க இடமில்லை. அதனால் கையை வைத்திருந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிடிமானமே இல்லாமல் பொம்மை மாதிரி கையோடு வந்தது. நர்ஸ் கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டுவிட்டு அலறினாள். நாற்சந்தி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு பேருந்தின் ஜன்னல்கள். ஜன்னல்களில் முகங்கள்.

"மாட்டேன்" என்றாள் அவள்.

இரண்டு காலையும் பிரேக்கின் மேல் வைத்தாள். முதுகை சீட்டில் முட்டி இடுப்பைத் தூக்கினாள். உடம்பின் கனம் முழுவதும். பல்லைக் கடித்தாள். பெடல் கொஞ்சம் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. ஷூவின் அடிவழியே உணர்ந்தாள். ஏதோ மளுக்கென்றது. இன்னொன்று. பச்சைக் குச்சிகள் முறிகிறாற்போல. அவள் விடவில்லை.

பெடல் தரையைத் தொட்டது. கார் கதறிக்கொண்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பேருந்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

நர்ஸ் ஸ்டியரிங்கில் தலையை வைத்து விம்மினாள். நிமிர்ந்தவள் கண்ணில் திரை பட்டது. விம்மல் நின்றது. எத்தனையோ கைகளைத் தூக்கி நாடி பார்த்த பெண் அவள்.

"அக்கா... அது யாரு கை?"

"உனக்கும் தெரியுதா?"

"அது உயிரோட இருக்கிற கை இல்லக்கா. எறங்குங்க. அக்கா, எறங்குங்க!"

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு விழுந்தடித்து ஓடினாள். நடைபாதையில் நின்று இரண்டு கையாலும் வா வா என்று அழைத்தாள்.

இறங்க வழி தெரியாதவள் அல்ல பிரேக் அக்கா. இடது காலால் கிளட்சை அமுக்கி, கை நீட்டி முதல் கியரைப் போட்டாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். கார் உறுதியாக நின்றது. இனி காலை எடுத்தாலும் எங்கும் போகாது. கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான். இறங்கினால் போதும். பிறகு அண்ணன் வருவான், முதுகைத் தடவிக்கொடுப்பான், கயிறு கட்டிக் காரை இழுத்துப் போவார்கள். அவளுக்கு ஒரு மேசை, ஒரு போன். அந்தக் கேடுகெட்ட கைகளுக்கு சீட்.

மடியில் செல்போன் அதிர்ந்தது. அண்ணன். அவள் எடுக்கவில்லை.

"உன் விரலை ஒடிச்சிட்டேன் பாத்தியா?" என்றாள் கால்மாட்டைப் பார்த்து. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும். "இன்னும் ஒடிப்பேன். நான் எறங்க மாட்டேன். நீ எறங்கு."

எஞ்சின் அணைந்தும் திரை எரிந்துகொண்டிருந்தது. நான்காவது கட்டத்தில், பெடலுக்கு அடியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சப்பையாக. திசைமாறி. அவசரமே இல்லாமல்.

அவள் காலைத் தடவின. கணுக்காலைச் சுற்றி வந்தன. பிறகு, ஷூ நாடாவின் முனையைத் தேடி எடுத்தன.

அவள் குனிந்து நேராகப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. நாடா மட்டும் தானாக நெகிழ்ந்தது. ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு.

அவள் இன்னும் பலமாக மிதித்தாள்.

குதிகாலைப் பதமாகப் பிடித்து, தூங்கிப்போன குழந்தைக்குக் கழற்றுவதைப் போல, அது ஷூவைக் கழற்றியது. கழற்றி ஓரமாக வைத்தது. காலுறையை உருவியது. ஈர வாடை காரை நிறைத்தது. வெளியே நர்ஸ் கத்துவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைப்பாக மட்டும் தெரிந்தது.

அவள் காலை எடுக்கவில்லை.

அவளுடைய வெறும் பாதத்தின் மேல், சில்லென்று, கனமாக, இன்னொரு பாதம் வந்து படிந்தது. அதன் விரல்கள் அவள் விரல்களின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து, வளைத்துப் பிடித்துக்கொண்டன.